ஆட்டிசக் குழந்தை இருக்கும் வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆட்டிசம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பாலும் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், இந்தக் குழந்தைகளிடம் வீட்டிலும் ஒரே மொழியில், முடிந்தால் பள்ளிக்கூடத்தில் பேசும் இங்கிலீஷிலேயே பேசுவது நல்லது என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருக்கிறது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் இல்லாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், மொழி பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் எச்.ஏ.எல்.-ல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெங்களூரு முருகேஷ்பாளையாவில் மகன் வீட்டில் இருக்கிறோம். மகனும் மருமகளும் ஐ.டி. வேலை, காலையில் கிளம்பினால் அவுட்டர் ரிங் ரோட்டு நெரிசலில் மாட்டி வீடு வந்து சேர ராத்திரி ஆகிவிடும். பேத்திக்கு ஐந்து வயது, ஆட்டிசம். பெண் குழந்தை என்பதால் "சாதுவா இருக்கா, கூச்ச சுபாவம்" என்று உறவுக்காரர்கள் எல்லாரும் சமாதானம் சொன்னார்கள், மருமகள்தான் விடவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்று அவளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் காது கேட்கிறதா என்று பெரா டெஸ்ட், அது நார்மல், அப்புறம் மற்ற பரிசோதனைகள், அப்புறம் ஸ்பீச் தெரபி, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளைப் பழக்குவது) என்று வழக்கமான ஓட்டம் தொடங்கியது. இந்த ஊரில் இப்படி ஓடுகிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன, தெரபி சென்டர் வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் நின்றாலே தெரியும்.

நாங்கள் முதலில் போன சென்டரில் (பெயர் வேண்டாம்) சேர்த்த முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். மருமகள் வந்து, "மாமா, மேடம் ஸ்டிரிக்ட்டா சொல்லியிருக்காங்க, இனிமே வீட்ல அவகிட்ட இங்கிலீஷ் மட்டும்தானாம். ரெண்டு பாஷை கேட்டா அவளுக்குக் குழம்பிடுமாம்" என்றாள். அவளுக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, ஆனால் படித்தவர்கள் சொல்கிறார்களே, மீற முடியுமா.

இதை ஒரு வீட்டில் அமல்படுத்தினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். என் மனைவி திருப்பத்தூர்ப் பக்கம், எட்டாவது வரை படித்தவள். தமிழ் பேசுவாள், இத்தனை வருஷம் இங்கே இருந்ததில் கன்னடமும் நன்றாகப் பேசுவாள். அவளிடம் இருக்கிற இங்கிலீஷ் மொத்தமும் கம், சிட், ஈட், நோ, குட் கேர்ள். கடைசியைத் தவிர எல்லாம் ஏவல். தமிழில் அதே பாட்டி குழந்தையைக் கொஞ்சுவாள், வம்பிழுப்பாள், பொய்க்கோபம் காட்டுவாள், பால்கனிக் கம்பியில் வந்து உட்காரும் காக்காயைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவாள், குழம்பு கொதிக்கிறதை ஒரு கதையாகவே சொல்வாள். இங்கிலீஷில் வா, உட்கார், சாப்பிடு, கூடாது. பேச்சில் ஏற்கெனவே தடுமாறுகிற குழந்தைக்குப் பகல் முழுக்கக் காதில் விழுவது இந்த நாலு வார்த்தைதான் என்றால், அது எதைப் பிடித்துக்கொண்டு பேச வரும்? அல்சூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஏதாவது தமிழில் பேசிக் குழந்தைக்குக் கெடுதல் ஆகிவிடுமோ என்று அந்தப் பாட்டி பேரனிடம் பேசுவதையே விட்டுவிட்டார். சோறு ஊட்டுவார், துணி மாற்றுவார், வாய் திறக்க மாட்டார்.

எங்களுக்கு விடிவு வந்தது வேறொரு டாக்டரம்மாவிடம். பகல்ல குழந்தையை யார் பார்த்துக்கறாங்க என்று கேட்டார். தாத்தா பாட்டி நாங்க ரெண்டு பேரும்தான் என்றோம். "நீங்க என்ன பாஷை பேசுவீங்க?" தமிழ். "அப்போ தமிழ்லயே பேசுங்க. நிறைய பேசுங்க." அவ்வளவுதான், அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

சும்மா ஒரு டாக்டர் சொன்னதை வைத்து எழுதவில்லை. மகன் எடுத்துக் கொடுத்ததைப் படித்தேன். கனடாவில் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2012-ல் வந்திருக்கிறது. வீட்டில் ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு பக்கம், இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு பக்கம். இரண்டு மொழி கேட்டதால் பேச்சு கூடுதலாகத் தாமதமாகவில்லை. பிறகு மற்ற நாடுகளில் செய்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையேதான் சொல்கின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சு தாமதமாவது ஆட்டிசத்தால். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் லிஃப்டில் ஹிந்தியும் கேட்பதால் இல்லை.

பின்னே ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்றால், காரணம் குழந்தையின் மூளையில் இல்லை, ஊரின் நிலவரத்தில் இருக்கிறது. இங்கே ஒரு சென்டருக்குள் போனால் தெலுங்கு வீட்டுக் குழந்தை, மலையாள வீட்டுக் குழந்தை, பெங்காலி, மார்வாடி, கன்னடம் எல்லாம் வரும். தெரபிஸ்ட் பெண் கேரளாவிலிருந்து வந்தவராக இருப்பார், அவருக்குத் தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. படக்கார்டு, புத்தகம் எல்லாம் இங்கிலீஷில். நாளைக்கு ஸ்கூலில் சேர்ப்பதும் இங்கிலீஷில். அவர் தன் முக்கால் மணி நேரத்தை இங்கிலீஷில் நடத்துவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, வேறு வழியும் இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தின் வசதிக்காக மிச்சம் இருக்கிற நாள் முழுவதையும் இங்கிலீஷுக்கு மாற்றச் சொல்வதுதான் நியாயமில்லை. குழந்தை வளர்வது அந்த மிச்ச நேரத்தில்தான். 2016-ல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, கோவாவிலும் பாகிஸ்தான் ராவல்பிண்டியிலும் நடந்தது, 2 முதல் 9 வயது வரை ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகள். நிபுணர்களே இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, கூட உட்கார்ந்து பார்த்து, எந்த இடத்தில் குழந்தை உங்களைப் பார்த்தது, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பேசுவது, அதுதான் பயிற்சி. பெற்றோர் குழந்தையின் கவனத்தோடு ஒட்டிப் போவது கூடியது, குழந்தைகள் தாங்களாக முன்வந்து ஏதாவது சொல்வதும் காட்டுவதும் கூடியது. அதாவது அந்தப் பயிற்சிக்கு மூலதனமே பெற்றவர்களுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நடக்கிற பேச்சும் விளையாட்டும். பேசவே தெரியாத மொழியில் யார் விளையாட முடியும்?

சரி, வீட்டில் அப்படி என்னதான் செய்கிறோம் என்று கேட்பீர்கள். உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் விரலாகப் பங்கு வைத்து, கடைசியில் நண்டு கை மேல் ஏறிப் போய்க் கிச்சுக்கிச்சு மூட்டுகிற விளையாட்டு நம் வீடுகளில் யாருக்குத்தான் தெரியாது. என் மனைவி அதை விளையாடுவதை உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். நண்டு மணிக்கட்டில் கிளம்பும், மடமடவென்று முழங்கை வரை வரும், அங்கே நின்றுவிடும். பாட்டி கண்ணை உருட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருப்பாள். பேத்தி முதலில் தன் கையையே பார்ப்பாள். அப்புறம் பாட்டியின் விரலை. அப்புறம் நிமிர்ந்து பாட்டியின் முகத்தை. அந்தப் பார்வை வந்த உடனே நண்டு அக்குளுக்குப் பாயும், வீடே அதிரும் சிரிப்பு. முதலில் வெறும் பார்வை, நாள் போகப் போக பார்வையோடு ஒரு "ம்", பிறகு "ண்டு", இப்போது தானே கையை நீட்டி "நண்டு வா" என்கிறாள். சென்டரில் சோப்புக் குமிழி ஊதுவதை நடுவில் நிறுத்திவிட்டுக் குழந்தை பார்க்கும்வரை காத்திருப்பார்களே, அதே வேலைதான் இது. ஆனால் இதை இங்கிலீஷில் விளையாடு என்றால் என் மனைவி எங்கே போவாள்.

காத்திருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. நம் ஆட்களுக்குப் பொறுமை கிடையாது. ஒன்றைக் கேட்டுவிட்டு ஒரு நொடிகூட விடாமல் "சொல்லு, சொல்லு, சொல்லும்மா" என்று பிடித்து உலுக்குவார்கள். இந்தக் குழந்தைகளுக்குக் கேட்டதை உள்வாங்கிப் பதில் தயார் செய்ய நேரம் பிடிக்கும். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள், பத்துகூட எண்ணலாம். அதுவரை வாயை மூடிக்கொண்டு முகத்தை மட்டும் ஆவலாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, கேள்வி. வீட்டுக்கு வருகிற மாமா, சித்தி, மாடிவீட்டு ஆன்ட்டி எல்லாரும் குழந்தையிடம் பரீட்சைதான் வைப்பார்கள். இது என்ன? இது என்ன கலர்? உன் பேர் என்ன? ஐந்து வயதுக் குழந்தைக்கு வீட்டுக்குள்ளேயே இத்தனை இன்டர்வியூ எதற்கு? கேட்பதை விட்டுவிட்டு, அது என்ன செய்கிறதோ அதைச் சொல்லிக்கொண்டே வாருங்கள். எங்கள் பேத்திக்குக் குழாய் என்றால் உயிர். திறப்பாள், மூடுவாள், திறப்பாள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "தண்ணி வருது... நின்னுபோச்சு... தண்ணி வருது..." அவ்வளவுதான் சொல்வேன். ஒருநாள் அவளே "போச்சு" என்றாள். அன்றிலிருந்து அது அவளுக்குச் சொந்த வார்த்தை, சோறு தீர்ந்தாலும் "போச்சு", அப்பா ஆபீஸ் கிளம்பினாலும் "போச்சு". (காவேரித் தண்ணீர் வராத நாளில் இந்த விளையாட்டுக்குத் தடை. அன்றைக்கு வரும் ரகளை தனிக் கதை.) அவள் ஒரு வார்த்தை சொன்னால் நாம் அதோடு ஒன்று சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். "தோசை" என்றால் "சூடு தோசை", "நாய்" என்றால் "நாய் ஓடுது". அதற்கு மேல் அடுக்கினால் காதில் ஏறாது.

வேண்டியதைக் கேட்கத் தெரியாத குழந்தைகள் பெரியவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் டப்பா மேல் வைப்பார்கள், நம் கை அவர்களுக்கு ஒரு ஸ்பேனர் மாதிரி. முறுக்கை வெளியே தெரிகிற டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி, அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தோம். டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். உடனே திறக்காமல் கொஞ்சம் காத்திருந்து, "திற" என்று நாமே சொல்லித் திறந்துகொடுப்பது. இது பட்டினி போட்டுப் பேச வைக்கிற வித்தை இல்லை, தயவுசெய்து யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். வார்த்தை வந்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஒரு பார்வை, ஒரு கை நீட்டல் வந்தாலே போதும், கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று, சொன்னதையே திருப்பிச் சொல்வது. பசி வந்தால் எங்கள் பேத்தி "பசிக்குதா கண்ணு?" என்பாள், பாட்டி கேட்கிற அதே ராகத்தில். வந்தவர்கள் சிரிப்பார்கள், சிலர் "கிளிப்பிள்ளை" என்பார்கள். அவள் சாப்பாடு கேட்கிறாள், வேறென்ன? திருத்தவோ திட்டவோ வேண்டாம். தட்டைப் போட்டுக்கொண்டே, அவள் சொல்ல வேண்டியதை அவள் சொல்வது மாதிரியே "எனக்குப் பசிக்குது" என்று சொன்னால் போதும். பல மாதம் ஆனது, இப்போது பாதி நேரம் சரியாக வருகிறது. மிச்ச நேரம் "பசிக்குதா கண்ணு" தான். எங்களுக்குப் புரிகிறது, சாப்பாடும் கிடைக்கிறது.

எல்லாக் குழந்தைக்கும் வாய்ப்பேச்சு வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். சில குழந்தைகள் பெரியவர்கள் ஆன பிறகும் பேசுவதில்லை. அதற்காகக் காத்துக்கொண்டே இருக்காமல் படமோ சைகையோ செயலியோ எதில் முடியுமோ அதில் ஆரம்பிக்க வேண்டும். படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சு வராமலே போய்விடும் என்று பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. படத்தைத் தொட்டால் அந்த வார்த்தையைப் பேசும் அவாஸ் என்ற செயலி சென்னையில் உருவானது, அதில் நம் மொழிகளும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் கடையில் வாங்கிய கார்டு எதுவும் சரிப்படவில்லை, அதில் இருந்த பாத்ரூமில் குளியல் தொட்டி, சாப்பாட்டில் சான்ட்விச். மகன் எங்கள் வீட்டு வாளி, அவள் தட்டு, அவள் செருப்பு, ஓ.டி. சென்டர் வாசல் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து பிரிண்ட் போட்டு ஃபிரிட்ஜ் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினான். முதல்ல குளியல், அப்புறம் ஊஞ்சல். "அப்புறம்" என்ற வார்த்தை புரிந்த பிறகு வீட்டில் அழுகை பாதியாகக் குறைந்தது.

தமிழிலேயே இருந்தால் சென்டரில் சொல்லிக்கொடுக்கும் இங்கிலீஷ் வீணாகாதா என்று கேட்கிறார்கள். ஆகாது. இப்போது போகிற இடத்தில் தெரபிஸ்ட் பெண்ணிடம் நாங்கள் வார்த்தைப் பட்டியல் கேட்பதில்லை, இந்த மாசம் என்ன பழக்குகிறீர்கள் என்று கேட்கிறோம். இன்னும் வேண்டும் என்று கேட்பதா, போதும் என்று சொல்வதா, உதவிக்குக் கூப்பிடுவதா? அங்கே அவர் "மோர்" என்கிறார், இங்கே நாங்கள் "இன்னும்" என்கிறோம். குழந்தைக்கு இரண்டும் தெரியும், யாரிடம் எது செல்லும் என்றும் தெரியும். கீழே நந்தினி பால் பூத்காரர் அவளைப் பார்த்தாலே கன்னடத்தில் "ஹாலு பேக்கா?" (பால் வேணுமா) என்பார், அவளும் "பேக்கு" (வேணும்) என்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதற்கு நேர் எதிர்த் தரப்பும் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. சில குழந்தைகள் யூடியூப் பார்த்துப் பார்த்து ஏ முதல் இசட் வரை, கலர், வடிவம் எல்லாம் அமெரிக்கக்காரன் உச்சரிப்பில் ஒப்பிக்கும், தமிழில் ஒரு வார்த்தை வராது. குழந்தைக்கே இங்கிலீஷ்தான் பிடித்திருக்கிறது, நாமும் அதற்கே போய்விடலாம் என்று பெற்றோருக்குத் தோன்றும். அது இங்கிலீஷில் வந்தால் தடுக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம், நாமும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு நம் பேச்சைத் தொடரலாம். ஆனால் ஆக்டகன் (எண்கோணம்) என்று சொல்லத் தெரிந்த குழந்தை தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கிறதா என்று பாருங்கள். அது வீடியோவிலிருந்து வராது, எதிரில் இருக்கிற ஆளிடமிருந்துதான் வரும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது, உறவுக்காரர்களோடு வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு. ஐந்து வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம். அதேபோல, அப்பா அம்மாவுக்கு இங்கிலீஷ்தான் சரளம், அதில்தான் சண்டைகூடப் போடுகிறார்கள் என்றால் அந்த வீட்டு மொழி இங்கிலீஷ், அவர்கள் அதிலேயே பேசட்டும். நான் சொல்வது தமிழ்ப் பற்று விஷயமே இல்லை. முருகேஷ்பாளையாவில் பக்கத்து வீட்டில் துளு பேசினால் அங்கே துளு.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிக்ஸி, குக்கர் விசில், கல்யாண மண்டபத்துத் தவில் எல்லாம் சில குழந்தைகளுக்குத் தாங்க முடியாத சத்தம். மிக்ஸி போடுவதற்கு முன் "மிக்ஸி போடப் போறேன்" என்று சொன்னால் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த ரூமுக்குப் போய்விடுவாள், பிரச்சினை முடிந்தது. தாங்க முடியாமல் தரையில் விழுந்து கத்துவதை அடம் என்று நினைத்து நாலு பேர் சுற்றி நின்று புத்தி சொன்னால் இன்னும் மோசமாகும். ஆளைக் குறையுங்கள், பேச்சைக் குறையுங்கள், அடங்கின பிறகு எதனால் வந்தது என்று யோசியுங்கள். பேன்ட் போடப் பழக்குவதைக் கடைசியிலிருந்து ஆரம்பிப்பது எங்களுக்குப் பலித்தது. முட்டி, தொடை, இடுப்புப் பக்கம் வரை நாங்கள் ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவளிடம் விட்டோம். முடித்தது தான்தான் என்ற பெருமை அவளுக்கு. அது நன்றாக வந்த பிறகு தொடையிலிருந்து அவள் பொறுப்பு. சாப்பாட்டில் இட்லி, தயிர்சாதம் இரண்டைத் தவிர எதையும் தொடாதவளுக்குத் தயிரை நிறுத்து, கோதுமையை நிறுத்து என்று ஒருவர் சொன்னார். அந்த டயட்டால் ஆட்டிசம் குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, தயிரும் போனால் பிள்ளை இட்லியை மட்டும் தின்று வாழ வேண்டியதுதான். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள், ஆட்டிசத்துக்கு அது சிகிச்சை இல்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியமே 2022-ல் சொல்லிவிட்டது. இந்த விளம்பரங்களைப் பத்திரிகைகளும் வாங்கக் கூடாது, ஆசிரியர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள், மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும்.

என்னை ரொம்பச் சங்கடப்படுத்துவது பழி போடுவதுதான். அந்தக் காலத்தில், 1950, 60-களில், வெளிநாட்டு டாக்டர்களே தாயின் பாசக்குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தப்பு என்று தெரிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நம் வீடுகளில் அதே பழி புதுசுபுதுசாக வேஷம் கட்டுகிறது. அம்மா வேலைக்குப் போனதால், கையில் போனைக் கொடுத்ததால், தனியாக வளர்ந்ததால். இப்போது அந்த வரிசையில் வீட்டில் ரெண்டு மூணு பாஷை பேசினதால் என்பதும் சேர்ந்திருக்கிறது. உங்கள் கட்டுரையின் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எத்தனை வீட்டில் மருமகள்களைப் பார்த்து "அப்பவே சொன்னேனே" என்றிருப்பார்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து இங்கே இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கு எத்தனை தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன என்று எல்லாருக்கும் தெரியும். இந்த ஊரிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்களும் ஏராளம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, அங்கே எல்லாம் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் வாராவாரம் பெங்களூரிலிருந்து போய் வர முடியுமா? இங்கேயே பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் தமிழில் சொல்லிக்கொடுக்க ஓர் இடம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இப்படிப்பட்ட குழந்தைகளை வளர்க்கிறவர்களுக்கென்றே ஒரு பயிற்சி வைத்திருக்கிறது, இணையத்தில் இலவசம், 2 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கு. அதை வைத்து, தமிழ் தெரிந்த ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டைக் கூப்பிட்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு காலை நடத்தினால்கூடப் போதும். அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கக் கட்டடம் இருக்கிறது. அதே அல்சூரில் வள்ளுவர் சிலையை 18 வருஷம் மூடியே வைத்திருந்து 2009-ல்தான் திறந்தோம், நாமெல்லாம் அவ்வளவு பொறுமைசாலிகள். ஐந்து வயதுக் குழந்தையால் அப்படிக் காத்திருக்க முடியாது.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படுகிற மாதிரி. இந்தக் கடிதத்தின் நகலைத் தமிழ்ச் சங்கத்துக்கும் அனுப்புகிறேன். ஹால் கொடுத்தால் நாற்காலி எடுத்துப் போட நான் வருகிறேன், பருப்பு கடைந்து காட்ட என் மனைவி வருவாள்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
முருகேஷ்பாளையா, பெங்களூரு